பல் பிடுங்கிய பாம்பு

தமிழில் 'பல் பிடுங்கிய பாம்பு' என்று ஒரு வழக்கு உண்டு. ஓய்வு பெற்ற தாசில்தாரையும், தேர்தலில் தோற்ற மந்திரியையும், சாவிக்கொத்து மருமகள் கைக்குப் போய்விட்ட மாமியாரையும் குறிக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். சொல்லும்போது நமக்குள் ஒரு சிறு திருப்திகூட உண்டாகிறது. அந்தத் தாசில்தாருக்காக நாம் அனுதாபப்பட்டாலும் படுவோம். உவமையில் அகப்பட்டுக்கொண்ட பாம்புக்காக யாரும் அனுதாபப்பட்டதாக நான் கேட்டதில்லை. பல்லைப் பிடுங்கியது யார், எதற்காகப் பிடுங்கினார், அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. நாவல் எழுதுகிறவன் உவமைகளை வைத்துப் பிழைக்கிறவன். ஆகையால் நானாவது விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலாவதாக, அந்த வழக்கு முழு உண்மை அல்ல. பாம்பின் நச்சுப் பல் விழுந்தால் வேறு பல் வரும். முன்பல்லுக்குப் பின்னால் மாற்றுப் பற்கள் எப்போதும் தயாராகக் காத்திருக்கின்றன. விஷம் ஊறும் இடமும் பல் அல்ல. கண்ணுக்குப் பின்னால் தலையின் இரு பக்கமும் உள்ள சுரப்பிகளில் அது ஊறுகிறது. நம் வாயில் எச்சில் சுரக்கும் சுரப்பிக்கு அது தாயாதி முறை. அங்கிருந்து குழாய் வழியாகப் பல்லுக்கு வந்து, வைத்தியர் ஊசி போடுவதைப் போல உள்ளே இறங்குகிறது. பல் போனால் விஷம் போகாது என்பதைப் பாம்பாட்டிகள் நன்றாக அறிவார்கள். அதனால்தான் அவர்களில் சிலர் பல்லைத் திரும்பத் திரும்பப் பிடுங்கினார்கள். சிலர் வாயையே தைத்தார்கள். சிலர் சுரப்பியையே கெடுத்தார்கள். வாய் தைக்கப்பட்ட பாம்பு தின்னவும் முடியாமல், புண்ணும் ஆறாமல், கூடைக்குள் சுருண்டு சாகும். கூட்டம் கலைந்த பிறகு நடக்கிற காரியமானதால் நாம் அதைப் பார்ப்பதில்லை.

மேல்நாட்டில் இதே காரியம் மேஜை விளக்கின் கீழே நடக்கிறது. அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. நாம் வண்ண மீன் வளர்ப்பதுபோல அவர்கள் கண்ணாடிப் பெட்டியில் நாகத்தையும் விரியனையும் வளர்க்கிறார்கள். அவர்களில் சிலர் பாம்பின் தலையைக் கீறி விஷச் சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள், அல்லது குழாயைத் துண்டித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த பாம்புக்கு 'வெனமாய்ட்' என்று ஒரு தனிப் பெயரும் உண்டு. மயக்க மருந்து கொடுத்து முறையாகச் செய்த மிருக வைத்தியர்களும் இருந்திருக்கிறார்கள். வைத்தியமே படிக்காமல் கத்தியை எடுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். சுரப்பியை எடுத்த இடம் குழிவிழுந்து தலையின் எடுப்பு குறைந்துவிடும் அல்லவா? அதற்கும் வழி இருக்கிறது. ரப்பர் போன்ற சிலிகோன் துண்டை உள்ளே வைத்து நிரப்பிவிடுவது உண்டு.

எனக்கு வழக்கு முழுவதையும் விளக்கிவிடுவது இந்தச் சிலிகோன் துண்டுதான். ஆனால் என் கட்சியைச் சொல்வதற்கு முன்னால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுவது முறை.

அவர்கள் சொல்வது இது: "வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். பாம்பு பெட்டியிலிருந்து தப்பினால் ஓர் உயிர் போகும். அரை மணி நேரச் சிகிச்சையால் அந்த ஆபத்து தீர்கிறது. நாங்கள் போடுவது செத்த எலி. செத்த எலியைத் தின்ன விஷம் எதற்கு? நாய்க்குக் கருத்தடை செய்கிறீர்கள், காளைக்குக் காயடிக்கிறீர்கள், மூக்கைத் துளைத்துக் கயிறு மாட்டுகிறீர்கள். பாம்பு என்றவுடன் மட்டும் உங்களுக்குத் தர்மம் ஞாபகம் வருகிறதா?"

இந்த வாதத்தில் பாதி வாஸ்தவம். சுரப்பி இல்லாத பாம்பு செத்த எலியைத் தின்று உயிரோடு இருக்கத்தான் செய்கிறது. காளை விஷயத்தில் நம் கைகள் சுத்தமானவை என்று நானும் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உழவனுக்கு வேண்டியது காளையின் உழைப்பு. காயடித்த பிறகு அதைப் பொலிகாளை என்று ஊரை அவன் ஏமாற்றுவதில்லை. தெரு நாய்க்குக் கருத்தடை செய்தால், பிறந்து பட்டினியில் சாகவேண்டிய குட்டிகள் பிறக்காமல் போகின்றன. அந்த இனத்துக்கே அதில் ஒரு நன்மை இருக்கிறது. பாம்பின் சுரப்பியை அறுப்பதில் பாம்புக்கு என்ன நன்மை? வளர்க்கிறவருக்கு வேண்டியது விஷமில்லாத பாம்புதான் என்றால், உலகத்தில் உள்ள பாம்பு இனங்களில் பெரும்பாலானவை மனிதனைக் கொல்லும் விஷம் இல்லாதவை. கத்தி இல்லாமலேயே அவருக்குக் கிடைக்கும். அவை அவருக்கு வேண்டாம். நாகம்தான் வேண்டும், அதன் படம் வேண்டும், பெயர் வேண்டும், பார்க்க வருகிறவர்கள் இரண்டடி பின்வாங்க வேண்டும். அந்தப் பின்வாங்கலுக்குக் காரணமான பொருள் மட்டும் வேண்டாம். அதை எடுத்துவிட்டு, எடுத்தது தெரியாமல் இருக்கச் சிலிகோனையும் வைத்து மூடுகிறார். பாதுகாப்பு ஒன்றுதான் நோக்கமாக இருந்திருந்தால் தலையின் எடுப்பைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

"செத்த எலிக்கு விஷம் எதற்கு?" என்ற கேள்விக்கும் நம் தெருவிலேயே பதில் இருக்கிறது. கிளி ஜோசியர் கிளியின் சிறகை நறுக்கி வைத்திருப்பார். கேட்டால், "கூண்டில் இருக்கிற கிளிக்குச் சிறகு எதற்கு, சுவாமி?" என்பார். கூண்டில் அடைத்தவர் அவர்தான் என்பதை மறந்துவிட்டால் அது சரியான பதில். முதலில் செய்த அநியாயத்தையே இரண்டாவது அநியாயத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நீதிமன்றத்தில் செல்லாது, மனச்சாட்சியிடமும் செல்லக்கூடாது.

ஆபத்து தீர்ந்தது என்கிறார்களே, அதுவும் முழுக்கத் தீர்வதில்லை. சுரப்பியில் ஒரு சிறு பகுதி தங்கிவிட்டால்கூட விஷம் மீண்டும் ஊற வாய்ப்பு உண்டு. பாம்பைப் பார்த்து யாராலும் இதைச் சொல்ல முடியாது. கத்தி வைத்தவர் ஒருவர். அவரிடம் வாங்கியவர் ஒருவர். மூன்றாவது கைக்கு மாறும்போது "இது ஒன்றும் செய்யாது" என்ற வாக்குறுதி மட்டும் பாம்போடு போகிறது. விஷமுள்ள பாம்பை வைத்திருப்பவர் கொக்கியும் பூட்டும் இல்லாமல் பெட்டியைத் திறக்க மாட்டார். விஷமில்லை என்று நம்புகிறவர் கழுத்தில் போட்டுக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்வார்.

இலக்கியத்தில் இந்த விஷயத்தைத் தொட்ட கதை ஒன்று எனக்குத் தெரியும். ருட்யார்ட் கிப்ளிங் 1895-ல் வெளியிட்ட 'இரண்டாவது கானகப் புத்தக'த்தில், ராஜாவின் அங்குசத்தைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. கிப்ளிங்கின் ஏகாதிபத்திய அபிப்பிராயங்கள் எனக்கு ஆகாதவை. ஆனால் அந்தக் கதையை எழுதிய கை தேர்ந்த கை. பாழடைந்த நகரின் நிலவறையில் கிழட்டு வெள்ளை நாகம் ஒன்று புதையலைக் காக்கிறது. காட்டுப் பையன் மௌக்ளியைக் கொல்வேன் என்று மிரட்டுகிறது. அவன் அதை மடக்கி, கத்தியால் வாயைத் திறந்து பார்க்கிறான். உள்ளே நச்சுப் பற்கள் கறுத்து உலர்ந்து கிடக்கின்றன. அந்தக் கணத்தில் நாகம் அடையும் அவமானத்தைக் கிப்ளிங் எழுதியிருக்கிறார். அது தன்னைக் கொன்றுவிடும்படி கேட்கிறது. பையன் கொல்லவில்லை; அங்குசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். அதன்மேல் ஆசைப்பட்ட மனிதர்கள் ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்ள, ஓர் இரவுக்குள் 6 பேர் செத்துப்போகிறார்கள்.

வயதானால் நாகத்தின் விஷம் இப்படி உலருமா என்பது விலங்கியல் கேள்வி. கதைக்கு அது முக்கியமில்லை. பாம்புக்கு மனிதரைப்போல வெட்கம் உண்டு என்றும் நான் சாதிக்க வரவில்லை. நான் கவனிக்கச் சொல்வது பையனுடைய நடத்தையை. எதிரி நிராயுதபாணி என்று தெரிந்தவுடன் அவன் அதை வேடிக்கைப் பொருளாக ஆக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு போய்த் தன் தைரியத்தை ஊருக்குக் காட்டவில்லை. அந்த நாகரிகம் காட்டில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு இருப்பதாகக் கிப்ளிங் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்காரரிடம் அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

கதையை விட்டு வாழ்க்கைக்கு வந்தால், என் கட்சிக்குப் பாதகமான ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். கிரேஸ் வைலி என்று ஓர் அமெரிக்க அம்மையார் இருந்தார். சிகாகோவை அடுத்த ப்ரூக்ஃபீல்ட் மிருகக்காட்சி சாலையில் பாம்புகளைப் பார்த்துக்கொண்டவர்; பிறகு கலிபோர்னியாவில் சொந்தமாகப் பாம்புகளை வைத்திருந்தவர். பொறுமையாகத் தொட்டுப் பழக்கினால் எந்தப் பாம்பும் மனிதனை நம்பும் என்பது அவர் கொள்கை. விஷப் பாம்புகளை விஷத்தோடேயே கையில் எடுத்தார். 1948 ஜூலையில், புகைப்படம் எடுப்பதற்காக ஒரு நாகத்தை வெளியே எடுத்தபோது அது கடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"பார்த்தீர்களா, கத்தி வைத்திருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பார்" என்று எதிர்க்கட்சி சொல்லும். பிழைத்திருப்பார்தான். ஆனால் அவர் கையில் எடுக்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார். அந்த அம்மையாரிடம் எனக்கு மரியாதை உண்டு. தன் ஆசைக்கு உரிய விலையை அவர் தாமே கொடுத்தார், பாம்பின் தலையில் கட்டவில்லை. இருந்தாலும் அவருடைய கொள்கையை நான் ஏற்கவில்லை. அன்பால் பாம்பை மாற்றிவிடலாம் என்று அவர் நினைத்தார். கத்தியால் மாற்றிவிடலாம் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். பாம்பு பாம்பாகவே இருப்பதற்கு இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை.

சம்மதித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து நடந்துவருகிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டித் தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பும் நின்றது. இப்போது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதி பெற்றுப் பிடிக்கிறார்கள். சில வாரங்கள் பானையில் வைத்து, சில தடவை விஷத்தைக் கறந்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சுரப்பியில் விஷம் மறுபடி ஊறிக்கொள்கிறது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். பானையில் இருப்பது பாம்புக்குச் சுகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் பாம்பு முழுப் பாம்பாகத் திரும்பிப் போகிறது. எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தால் மனிதர்கள் பிழைக்கிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடுத்த விருதுகளில் நியாயமானவை என்று நான் எண்ணுபவற்றில் அவை சேரும்.

பாம்பாட்டியையும் அமெரிக்கச் செல்வரையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று சிலர் கேட்கலாம். ஒருவன் வயிற்றுக்காகச் செய்தான். மற்றவர் பொழுதுபோக்குக்காகச் செய்கிறார். மனிதர்களை எடைபோடும்போது அந்த வித்தியாசம் பெரியது. பாம்புக்கு அது தெரியாது. பாம்பாட்டியின் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. சுற்றி நின்று காசு போட்டது நாம். பல் இல்லாத பாம்புக்குத்தான் போடுகிறோம் என்று தெரிந்தும், தெரியாததுபோலப் பயந்து காட்டினோம்.

வேடிக்கை வேண்டாம் என்று நான் சொல்வதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. வேடிக்கைக்குக் கலை இருக்கிறது. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் வைஜயந்திமாலா ஆட, நாடே முணுமுணுத்த மகுடி இசை மகுடியிலிருந்து வந்ததே அல்ல. ஹேமந்த் குமாரின் இசையமைப்பில், கல்யாண்ஜி என்பவர் கிளேவியோலின் என்ற மின்சார வாத்தியத்தில் அதை வாசித்தார். கேட்டவர்கள் மகுடி என்றே மயங்கினார்கள். யாருக்கும் நஷ்டமில்லை, எந்த உயிருக்கும் காயமில்லை. பொய்யை வாத்தியத்தால் சொல்லலாம், வர்ணத்தால் சொல்லலாம், என்னைப்போல வார்த்தையாலும் சொல்லலாம். உயிருள்ள ஒரு பிராணியின் தலையைக் கீறிச் சொல்ல வேண்டிய பொய் எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் 2006-ல் வந்த விலங்கு நலச் சட்டம், வைத்தியக் காரணம் இல்லாமல் பிராணியின் உடலை இப்படி வெட்டுவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. நம் நாட்டில் நாகத்தைப் பிடித்து வைத்திருப்பதே 1972 சட்டப்படி குற்றம். சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. நம் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எங்காவது ஒருவர் நாகத்தைக் குழந்தையின் தோளில் போட்டு, "பயப்படாதே, ஒன்றும் செய்யாது" என்றால், "ஏன் செய்யாது?" என்று கேளுங்கள். அவர் சரியாகப் பதில் சொல்லும்வரையில் சட்டைப் பைக்குள் கையை விடாதீர்கள்.