பழுப்புக் குறுமீன்களின் துணை தேடும் மரபுகள்

விண்மீனாகத் திரளத் தொடங்கியும், ஹைட்ரஜன் அணுக்கரு இணைவைத் தொடர்ந்து நடத்தப் போதிய நிறை சேராமல் ஆறிக்கொண்டே போகும் வான்பொருளைப் பழுப்புக் குறுமீன் என்பர். வியாழனைப்போல் ஏறத்தாழ 13 முதல் 75 மடங்குவரை நிறையுள்ள இவ்வினத்தை 1960களின் தொடக்கத்திலேயே கணக்கால் முன்னுரைத்தவர் இந்திய வம்சாவளியினரான சிவ் எஸ். குமார்.

இத்தகைய வான்பொருளையோ விண்மீனையோ சுற்றிவரும், கண்ணுக்குப் புலப்படாத துணையைத் தேடும் முயற்சியில் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்கும் ஒரு பங்குண்டு. அதன் தலைவராயிருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் சுற்றில் கண்ட பிசகைக்கொண்டு, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடுமென 1855இல் அறிவித்தார். பிற்காலக் கணக்குகளில் அது நிலைக்கவில்லை. அசைவிலிருந்து ஊகிக்கும் அப்பழைய மரபுக்கு எதிரே, துணையையே படம்பிடித்துக் காட்ட வேண்டும் என்பது பின்வந்த மரபு.

படம்பிடிப்பதிலுள்ள இடர்ப்பாட்டை ஏரிக்கரையில் நின்றே உணரலாம்: தொலைவிலுள்ள படகில் அருகருகே இரண்டு விளக்குகள் எரிந்தாலும், காற்றின் அலைவில் அவை ஒன்றாகக் கலங்கித் தெரியும். காற்றுக்கு மேலே சென்றுவிடுவது ஹபிள் தொலைநோக்கியின் வழி. தரையில் இருந்தபடியே, நெகிழும் ஆடியொன்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்துக் கலக்கத்தைச் சரிசெய்வது தகவமை ஒளியியலின் வழி. இவ்விரு வழியினரும் கண்டவரையில், பழுப்புக் குறுமீன்களுள் பத்தில் ஒன்றிரண்டுக்கே துணை உண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவின் 20 மடங்குக்குள் நெருங்கியே இருக்கின்றன.

ஆயினும் படம் மட்டுமே சான்றாகிவிடாது, ஏனெனில் பின்னால் வெகுதொலைவிலுள்ள விண்மீனும் தற்செயலாக அதே திசையில் விழலாம். படகோடு சேர்ந்து நகரும் விளக்கே படகினது, நின்றுவிடுவது அக்கரை ஊரினது என்பதுபோல, இரண்டும் வானில் ஒன்றாக இடம்பெயர்வதை மறுபடி பார்த்து உறுதிசெய்வதே இத்துறையின் அளவுகோல். பழுப்புக் குறுமீன் 2எம்1207க்கு அருகே 2004இல் சிலி நாட்டில் படமான மங்கிய ஒளி, 2005இல்தான் அதன் துணையென உறுதியாயிற்று. அதற்கு முன்னரே, ஒரு செங்குறுமீனின் அருகில் 1994இல் பாலோமர் வானாய்வகத்தில் பதிவான கிளீசே 229பி என்னும் பழுப்புக் குறுமீனும் ஓராண்டு காத்திருந்தே 1995இல் அறிவிக்கப்பட்டது.

அந்த கிளீசே 229பி தன் நிறைக்குத் தகுந்த ஒளியின்றி மங்கியிருந்தது நெடுநாள் புதிராயிருந்தது. தனித்தனித் தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்துப் பார்க்கும் மூன்றாம் மரபினர், நிறமாலையின் துணையோடு 2024இல் அதை அவிழ்த்தனர்: ஒன்றெனக் கொள்ளப்பட்டது வியாழனைப்போல் 38 மடங்கும் 34 மடங்கும் நிறையுள்ள இரண்டு குறுமீன்கள், பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவின் ஏறத்தாழ 16 மடங்கே இடைவெளிவிட்டு, 12 நாளுக்கொருமுறை அவை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன.