பெயரே கம்பியாகும் இடம்: மின்சுற்று வரைபடக் கலைச்சொல்லாக்கம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

திருவெறும்பூர் வட்டாரம் பொறியியல் மொழி நாள்தோறும் புழங்கும் நிலம். பெல் தொழிற்சாலையும், 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய துவாக்குடி தேசியத் தொழில்நுட்பக் கழகமும், அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் இங்கு அமைந்துள்ளன. எனினும் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழியில் தொடங்கியவை கட்டடவியலும் இயந்திரவியலுமே. மின்னணுச் சுற்று வரைதலுக்குரிய சொற்கள் வகுப்பறையில் பழகிப் பண்படும் வாய்ப்பை அப்போது பெறவில்லை. அதன் விளைவை ‘குளோபல் பவர் நெட்’ என்னும் தொடர்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

கீகேட் போன்ற வரைபட மென்பொருள்களில் மின்வழங்கல் குறியீடுகளைக் கோடிட்டு இணைக்க வேண்டுவதில்லை. ஒரே பெயருடைய குறியீடுகள் எத்தாளில் இருப்பினும் ஒரே இணைப்பாகக் கொள்ளப்படும். வடிவமைப்பாளர் தாமே பெயரிட்டுப் புதிய இணைப்பையும் வரையறுக்கலாம்.

இங்குக் ‘குளோபல்’ என்பதை ‘உலகளாவிய’ எனப் பெயர்ப்பது பிழை. அதன் எல்லை ஒரு வடிவமைப்பின் தாள்களே. ‘முழுதளாவிய’ என்பதே பொருந்தும். ‘பவர்’ என்பதைத் ‘திறன்’ என்றால் வாட்டில் அளக்கப்படும் அளவையே நினைவுக்கு வரும். இங்குக் கருதப்படுவது மின்வழங்கல். ‘நெட்’ என்பதும் வலையன்று. மின்வழியில் ஒன்றுபட்ட முனைகளின் தொகுதி. எனவே ‘முழுதளாவிய மின்வழங்கல் இணைப்பு’ எனலாம்.

இடுகுறியும் காரணமும்

‘+5 வோல்ட்டு’ என்பதை வடிவமைப்பாளர் காரணப்பெயராகப் படிக்கிறார். மென்பொருளோ இடுகுறிப்பெயராகவே கொள்கிறது. அதற்கு ‘+5 வோல்ட்டு’ம் ‘5 வோல்ட்டு’ம் வெவ்வேறு இணைப்புகள். கீகேட்டின் 7ஆம் பதிப்புக்கு (2023) முன்னர், இணைப்பின் பெயரைக் குறியீட்டின் மறைமுனைப் பெயரே முடிவுசெய்தது. ‘+5’ குறியீட்டைப் படியெடுத்துக் கண்ணுக்குத் தெரியும் மதிப்பை மட்டும் ‘+3.3’ என மாற்றினால், தாளில் 3.3 என்றிருக்கும், இணைப்போ 5 வோல்ட்டுடன் அமையும். 3.3 வோல்ட்டுக்குரிய சில்லு அதனால் பழுதாகலாம். 7ஆம் பதிப்பு முதல் காணப்படும் மதிப்பே இணைப்பின் பெயராயிற்று.

முடிவுரை

சொல்லுக்குச் சொல் நிகர் தரும் அகரவரிசை இத்துறைக்குப் போதாது. ஒரு பெயரின் ஆட்சி எதுவரை, அப்பெயரை முடிவுசெய்வது எது என்னும் இரண்டையும் கலைச்சொல் விளக்கம் கூறவேண்டும். பெயரே கம்பியாக நிற்குமிடத்தில், சொல்லில் நேரும் குழப்பம் சுற்றிலும் நேரும்.