தாய்லாந்தின் மாப்பிள்ளை விசா

தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே ஓய்வுக்காலத்தைக் கழிக்க நினைக்கும் வெளிநாட்டுக்காரர், வருஷா வருஷம் தங்கும் அனுமதியை நீட்டிக்க முக்கியமா ரெண்டு வழி. 50 வயசானவர் என்ற கணக்கில் போனா, தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாசம் 65,000 பாட் வருமானம். கணவர் என்ற கணக்கில் போனா 4 லட்சம் அல்லது மாசம் 40,000. வேலை செய்ய பெர்மிட் வாங்கவும் இதில்தான் வழி.

பாதிப் பணம்தானே, இதுவே லாபம்னு தோணும். ஆனா மனைவி கூட வரணும், வீட்டில் சேர்ந்து எடுத்த போட்டோ வேணும், வீட்டுக்கு வழி வரைஞ்சு கொடுக்கணும். அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. இந்தத் தொல்லை வேண்டாம்னு, வசதி இருக்கிற கணவர்கள் பலர் ‘ஓய்வு’ வழியிலேயே போறாங்க. மனைவியைவிட பாஸ்புக்குக்கு மதிப்பு அதிகம்!

எனக்கு உறுத்துவது வேற. தாய் ஆணைக் கட்டின வெளிநாட்டுப் பெண்ணுக்கு இந்தப் பண நிபந்தனையே கிடையாது. புருஷன்தான் சோறு போடணும் என்ற பழைய அனுமானம் அப்படியே விதியில் உட்கார்ந்திருக்கு. சம்பாதிக்கிறது தாய் மனைவியா இருந்தாலும், வயசான கணவர்தான் கணக்குக் காட்டணும்.

அந்த மனைவி முதலில் இறந்துட்டா? அடுத்த நீட்டிப்புக்குக் கல்யாணம் காரணமாகாது. இருபது வருஷம் வாழ்ந்த ஊரில் தொடர்ந்து இருக்க, அவர் 8 லட்சத்தைத் தேடணும்.