கறுப்புக் கோடும் பென்சில் கையெழுத்தும்

பெர்னார் புஃபே என்ற பெயரைக் கேட்டால், கல்யாண வரவேற்பில் தட்டேந்தி வரிசையில் நிற்பதுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். ஃபிரெஞ்சில் எழுத்தும் அதே எழுத்துதான். ஆனால் இந்தப் புஃபே இளவயதில் தீட்டிய மேசைகளில் விருந்து கிடையாது. வெறும் தட்டு, கத்தி, முள்ளாய்த் தெரியும் ஒரு மீன். பக்கத்தில் மனிதன் இருந்தால் அவனும் அந்த மீனைப் போலவே இருப்பான்.

1928இல் பாரிசில் பிறந்தவர். 1945இல் தாயை இழந்தவர். போர் முடிந்தும் பங்கீட்டு அட்டை போகாத நகரம் அது. ரொட்டிக்கே 1949 வரை கட்டுப்பாடு இருந்தது. அந்தச் சூழலில் வரைந்த பையனுக்கு 1948இல், இருபது வயதில், விமர்சகர் பரிசு கிடைத்தது. கூடவே பெற்றவர் பெர்னார் லோர்ஷூ. அந்த லோர்ஷூவும் ரெபேரோல் முதலியோரும் அதே ஆண்டு 'சாட்சியாக நிற்கும் மனிதன்' என்ற பொருளுள்ள பெயரில் ஓர் அணியாகக் கூடினார்கள். அருவ ஓவியம் ஓங்கி வந்த வேளையில், மனித உருவத்தை நாங்கள் விடமாட்டோம் என்பதே அவர்கள் பேச்சின் சாரம். அடுத்த ஆண்டு புஃபேயும் அதில் சேர்ந்தார்.

பிறகு நடந்தது விசித்திரம். 1955இல் ஒரு கலை இதழ் நடத்திய வாக்கெடுப்பில், போருக்குப் பிந்திய ஓவியர்களில் முதலிடம் அவருக்கு. மறு ஆண்டு ஒரு பத்திரிகை அவரது ரோல்ஸ்ராய்ஸ் காரையும் பெரிய வீட்டையும் படம் போட்டுக் காட்டியது. பசிக்குச் சாட்சி சொன்னவர் ரோல்ஸ்ராய்சில் வந்து இறங்கினால் ஊர் சும்மா இருக்குமா? விமர்சகர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் விடவில்லை. ஜப்பானில் ஷிசுவோகா மாநிலத்தில், கிய்ச்சிரோ ஒகானோ என்ற வங்கியாளர் 1973இல் அவருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார். பார்க்கின்சன் நோயால் தூரிகை பிடிக்க முடியாமல் போனபின், 1999இல் புஃபே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகம் அவரது பெரிய கண்காட்சியை 2016இல்தான் நடத்தியது.

அவர் பெரிய கலைஞரா, வெறும் வியாபாரியா என்ற சண்டைக்கு விடை அவருடைய அச்சோவியங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. எண்ணெய் ஓவியத்தில் அளவும் வண்ணமும் நம்மை மிரட்டிவிடும். அச்சில் கோடுதான் பேச வேண்டும்.

ட்ரைபாயிண்ட் என்றொரு முறை உண்டு. செப்புத் தகட்டில் கூரிய ஊசியால் நேரே கீறுவது. அமிலம் கிமிலம் எதுவும் இல்லை. கீறும்போது உலோகம் விளிம்பில் பிசிறாக எழும். அந்தப் பிசிறில் மை தங்கி, கோட்டுக்கு ஒரு கம்பளித் தன்மை வரும். அழுத்தி அச்சடிக்க அடிக்கப் பிசிறு தேய்ந்துவிடும். அதனால் தகட்டின்மேல் எஃகு முலாம் பூசி ஆயுளை நீட்டுவதும் வழக்கம். புஃபேயின் கைக்கு இந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை. லோத்ரேயமோனின் 'மால்தொரோரின் பாடல்கள்' நூலுக்கு 1952இல் 125 படங்களை அவர் இப்படித்தான் கீறினார். அவற்றில் கோடு அலங்காரமே அல்ல; காயம். செம்பு எதிர்க்கிறது, கை விடாமல் இழுக்கிறது. அந்த இழுபறி தாளில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

கல்லச்சு, அதாவது லித்தோகிராஃப், வேறு சங்கதி. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைய வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் மை ஒட்டாது, அவ்வளவுதான் ரகசியம். பாரிசில் மூர்லோ அச்சகம் இதற்குப் பேர்போனது. பிக்காசோ, ஷகால் எல்லாரும் ஏறிய படி அது. நம் தாத்தா வீடுகளில் தொங்கிய ரவிவர்மா லட்சுமியும் இந்தக் கல்லச்சு வம்சம்தான். அவர் 1894இல் மும்பையில் போட்ட அச்சகம் வழியே வந்தவள். கல்லில் கை தடையில்லாமல் ஓடும். புஃபேக்கு அதுவே ஆபத்தாயிற்று. 1968இல் வந்த 'என் சர்க்கஸ்' தொகுப்பின் கோமாளிகளைப் பாருங்கள். அதே கறுப்புக் கோடு, அதே ஒட்டிய கன்னம். ஆனால் கோட்டுக்கு இப்போது எதிர்ப்பே இல்லை. துக்கம் ஒரு முத்திரையாகி, முத்திரை விலையாகிவிட்டது. வெறுக்கத்தக்கது என்று சொல்லமாட்டேன். வரவேற்பறைக்கு அழகாகவே இருக்கும். சாட்சி மட்டும் இல்லை.

வேலை நிமித்தம் ஐரோப்பா போய்வரும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் இப்போது நிறைய. சேன் ஆற்றங்கரைக் கடைகளில் சுருட்டி விற்கும் ஒரு படத்தை வாங்கி வந்து 'ஒரிஜினல்ப்பா' என்கிறார்கள். அப்படியே இருக்கலாம். முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தினத்தாள் படம் மாதிரி ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். கல்லச்சில் அந்த ஒழுங்கு இராது. கையெழுத்து பென்சிலில் தாள்மேல் போட்டதா, கல்லிலேயே போட்டு அச்சோடு வந்ததா என்பது அடுத்த கேள்வி. மூலையில் 45/120 என்று இருந்தால் 120 படிகளில் நாற்பத்தைந்தாவது என்று அர்த்தம். கல்லச்சில் இந்த வரிசை எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. முலாம் பூசாத ட்ரைபாயிண்டில்தான் முதல் படிகள் உயர்த்தி. எண்ணுக்குப் பதில் 'ஈ.ஏ.' என்றிருந்தால் ஓவியர் தமக்கென எடுத்துவைத்த படி. பென்சில் கையெழுத்து இருந்தாலும், ஓவியத்தைப் பார்த்து அச்சகக் கலைஞர் கல்லில் ஏற்றிய படமாக இருக்கலாம். ஷகாலுக்கு ஷார்ல் சொர்லியே அப்படிப் பல செய்திருக்கிறார். சீட்டில் 'தாப்ரே', அதாவது 'பார்த்துச் செய்தது', என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது குற்றமில்லை, ஆனால் விலை வேறு.

பணம் குறைவா? மூர்லோவில் அடித்த பழைய கண்காட்சிச் சுவரொட்டிகள் நல்ல வாசல். கையெழுத்தும் எண்ணும் இல்லாவிட்டாலும் கல்லச்சு கல்லச்சுதான். சந்தேகக் கையெழுத்துள்ள நகலைவிட நூறு மடங்கு மேல்.

வாங்கினால் போதாது. மும்பை, கொல்கத்தா மழைக்காலம் தாளுக்கு எமன். பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். மரக்கூழ் அட்டையை முதுகில் கொடுத்தால் அதன் அமிலம் தாளை மஞ்சளாக்கும். அமிலமற்ற அட்டை கேளுங்கள். சட்டக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். கண்ணாடியும் தாளும் ஒட்டக்கூடாது. ஓரத்து வெள்ளையை 'அழகா இருக்கும்' என்று வெட்ட விடவே விடாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. வெயில் படும் சுவர் வேண்டாம். ஈரம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம்.

எனக்குச் சுவரில் ஓரிடம்தான் என்றால், வண்ணக் கோமாளி ஒன்றுக்கு ஆகும் பணத்தில் 1950களின் சின்ன ட்ரைபாயிண்ட் தாள் ஒன்றைத் தேடுவேன். உள்ளங்கை அகலம் இருந்தாலும் சரி.