குறுந்தொகை முதற்பாட்டில் செந்நிறம்

செந்நிறம் கண்ணைக் கவர்வது. மங்கலத்தையும் அச்சத்தையும் ஒருங்கே உணர்த்துவது. இவ்விருமையின் ஆற்றலைத் திப்புத்தோளார் பாடிய குறுந்தொகை முதற்பாட்டிற் காண்கிறோம்.

தலைவன் கையுறையாகக் கொணர்ந்த காந்தளைத் தோழி மறுத்துரைக்கும் நான்கடிப் பாட்டு இது. முதல் இரண்டடிகளிற் களமும் அம்பும் யானைக்கோடும் 'செம்' என்னும் அடை பெறுகின்றன. முருகனைச் சுட்டும் 'சேஎய்' என்னும் பெயரும் செம்மைப் பொருளதே. இவ்வடுக்கு ஓசையின்பம் கருதி வந்தது எனக் கொண்டு அமைதல் எளிது. அது போதாது என்பது எம் கருத்து.

அவுணர் மடிந்த களத்தைச் சிவந்த களம் என்ற அளவில் நின்றார் புலவர். குருதி என்னும் சொல் ஆண்டு இல்லை. அச்சொல்லை ஈற்றடியிற் காந்தட்பூவிற்கே அடையாக்கினார். அம்மலருக்கோ 'செம்' என்னும் அடை இல்லை. களத்திற்கு உரிய சொல் மலரை அடைந்த இம்மாற்றமே பாட்டின் உயிர் எனத் துணிகிறோம்.

காந்தள் மஞ்சள் விரவி மலர்ந்து முதிருந்தோறும் சிவப்பது. காட்சிக்கு இனியதாயினும் கிழங்கு நஞ்சுடையது. அம்மலர் தம் குன்றில் மிகுதியாக உண்டு எனத் தோழி கூறுங்கால், தலைவன் அழகென்று நீட்டியதனுள் உறையும் மறத்தையும் அவனுக்கு உணர்த்துகிறாள். மலர் அவளுக்கு அரியதன்று. அதன் நிறம் தாங்கிய பொருளும் புதியதன்று. ஆதலின், செந்நிறத்தை மங்கலம் என்றோ மறம் என்றோ ஒன்றனுள் அடக்குவார் இப்பாட்டின் பாதியையே காண்பர்.