புள்ளிக்கு ஆறு கோடு

தொலைக்காட்சித் தலைப்புகளைக் கையால் எழுதிய கலைஞர்களைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் சுழிப்பையும் நிழலையும் வண்ணத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கலையின் உயர்வு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அட்டையில் எழுதியது அப்படியே வீட்டுத் திரைக்குப் போய்ச் சேராது என்று தெரிந்து, வழியில் எது தேயும், எது வீங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிய எழுத்து அது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது படம் என்பது 625 கிடைக்கோடுகள். அவற்றில் படத்தைத் தாங்குபவை 575 அளவுதான். அவையும் ஒரே வீச்சில் வருவதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிக் கோடுகள் முதலில், மீதி அடுத்து. மெல்லிய கிடைக்கோடு ஒன்று ஒரே வரியில் விழுந்துவிட்டால் நொடிக்கு 25 முறை மினுங்கும். கருப்பு அட்டையில் வெள்ளை எழுத்து என்றால் ஒளி ஓரங்களில் கசிந்து சுழிகளுக்குள் நிரம்பும். போதாததற்கு, வீட்டுப் பெட்டிகள் படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால் எழுத்தைத் திரையின் நடுவில், அகல உயரத்தில் 80 விழுக்காட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது.

இந்தக் கெடுபிடியில் தமிழ் எழுத்து என்ன பாடுபடும் என்று பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த ‘ஒளியும் ஒலியும்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். எழுத்தின் உயரம் திரையில் பத்தில் ஒரு பங்கு என்றால் அதற்குக் கிடைப்பது 57 கோடுகள். மகரத்தின் தலையிலுள்ள புள்ளிக்கு ஐந்தோ ஆறோ தேறும். அச்சில் இருக்கும் அளவிலேயே புள்ளியை விட்டால் அது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது கரைந்துபோகும். ஆகவே அதைப் பெரிதாக்கி, சற்று மேலே தூக்கி வைக்க வேண்டும். அடுத்து, இரண்டு சொல்லையும் பிரித்துக்காட்டுவது நடுவிலுள்ள ஒரே ஒரு எழுத்துதான். லகரம் திறந்த வளைவு; வெளிச்சம் கசிந்தாலும் தாங்கும். ளகரத்திலோ கோடுகள் நெருங்கி நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே தடிப்பைக் கொடுத்தால் ளகரம் வெள்ளைத் திட்டாகிவிடும். தேர்ந்த கை ளகரத்தின் கோடுகளை மயிரிழை குறைத்து, இடைவெளியை அகட்டும். அட்டையில் இரண்டும் வேறு வேறு தடிப்பு, திரையில் ஒரே தடிப்பு. யகரத்தின் அடிக்கோட்டைக் கொஞ்சம் கனமாக்கினால் மினுக்கமும் அடங்கும். வார்த்து வைத்த அச்செழுத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது எந்தச் சொல்லில் வந்தாலும் அதே எழுத்து.

இதெல்லாம் கருவியின் குறையை ஈடுகட்டும் வேலைதானே, இதில் கலை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஈடுகட்டும் வழி ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால்தான் அது வெறும் தொழில்நுட்பம். ளகரத்தை ஒருவர் அகலப்படுத்தலாம், இன்னொருவர் காலைக் குறுக்கலாம், மூன்றாமவர் பக்கத்து எழுத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். அந்தத் தேர்வில்தான் ரசனை வெளிப்படுகிறது. தொலைக்காட்சி விளம்பரங்களில் பழகிய பாப்லோ ஃபெர்ரோ, 1964இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தின் தலைப்பை மெல்லிய கோடுகளால் திரை முழுக்க நெட்டையும் குட்டையுமாக எழுதினார். எழுத்து திரையை நிறைத்தும் அதன் ஊடே விமானம் தெளிவாகத் தெரிகிறது. சினிமாத் திரை அந்த மெலிவைத் தாங்கியது. அன்றைய வீட்டுப் பெட்டிக்கு அதே மெலிவு ஆகாது. எங்கே எவ்வளவு மெலியலாம் என்ற அந்தத் தீர்ப்பைத்தான் நான் கலை என்கிறேன். கையால் எழுதியதெல்லாம் நன்றாக இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. நீண்ட தமிழ்ச் சொல்லை அந்தக் குறுகிய சட்டத்துக்குள் திணிக்க, கடைசி நான்கு எழுத்தை மட்டும் நசுக்கி எழுதுவதும் கையால் செய்யக்கூடியதுதான். அதை யாரும் போற்ற வேண்டாம்.

திரை இன்று துல்லியமாகிவிட்டது, கணினியில் ஃபான்ட் இருக்கிறது, இனி கை எதற்கு என்பது இதைவிட வலுவான வாதம். ஃபான்ட் செய்பவரின் உழைப்பு சிறியதல்ல; ஓர் எழுத்து எந்த எழுத்துக்குப் பக்கத்தில் வந்தாலும் ஒத்துப்போகும்படி அவர் வரைய வேண்டும். தலைப்பு எழுதுபவர் எந்தச் சொல் என்று தெரிந்தே உட்காருகிறார். இந்த வேறுபாட்டை எந்தத் துல்லியமும் அழித்துவிடாது. 2016இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தலைப்பே சாட்சி. எட் பெங்கியாட் 1970களில் உருவாக்கிய எழுத்துருவில்தான் அது இருக்கிறது. ஆனாலும் முதற்சொல்லின் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் பெரிதாக்கிக் கீழே இறக்கி, கோடுகளிட்டு, இரண்டு சொற்களையும் ஒரே கட்டாகப் பூட்டியிருக்கிறார்கள். எழுத்துகளை ஃபிலிமில் எடுத்து, பின்னாலிருந்து விளக்கடித்து, ஒளி எப்படிக் கசிகிறது என்றும் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் தவிர்க்கப் போராடிய கசிவை இவர்கள் வலிய வரவழைத்தார்கள். தொடக்கக் காட்சியைத் தாண்டிப் போகிற பொத்தான் வந்த பிறகு தலைப்பை யார் பார்க்கிறார்கள் என்பவர்கள், அந்தத் தொடரைத் தேர்ந்தெடுக்க முதலில் எதைப் பார்த்தார்கள் என்று யோசிக்க வேண்டும். கைப்பேசியில் கட்டைவிரல் அகலமே உள்ள படத்தில் தமிழ்த் தலைப்பு மறுபடியும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறது: புள்ளி கரைகிறது, ளகரம் அடைபடுகிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிட ஆள் வேண்டும்.