ஒளிக்கு முந்திய உழைப்பு

நெடும்பயணத்திற்கென ஒரு மோட்டார் சைக்கிளை ஆயத்தப்படுத்தும் கலையின் அழகு, ஏற்கெனவே உள்ள பாகங்களை அவற்றின் முழுத் திறனுக்கு மீட்டெடுப்பதில் வெளிப்படுகிறது. ராயல் என்ஃபீல்டு புல்லட் போன்ற வண்டியின் செயினைத் துடைத்து எண்ணெயிடும் மெக்கானிக், பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றி, செயின் மிக இறுகி நிற்கும் இடத்தைக் கண்டறிந்து, அங்கேயே அதன் தொய்வை அளக்கிறார். ஏனெனில், செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை.

முகப்பு விளக்கிலும் இதே நுட்பம் தேவைப்படுகிறது. சூடேறிய இழையால் ஒளிரும் ஹாலஜன் பல்புக்குச் சேரும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், அதன் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயர்களிலும் பழைய சுவிட்சுகளிலும் சுற்றிவரும் மின்சாரம் வழியிலேயே அழுத்தத்தை இழப்பதால், சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்சாகிய ரிலேயைப் பொருத்தி, பியூஸுடன் கூடிய தடித்த ஒயரை பேட்டரியிலிருந்து நேராக இழுப்பவர், அதே பல்பிலிருந்து இழந்த ஒளியை மீட்டுத் தருகிறார்.

எல்.இ.டி. பல்புக்கு மாறும்போது, இழை இருந்த இடத்திலேயே ஒளி பிறக்க வேண்டும். இல்லையெனில், விளக்கின் உட்புறக் கண்ணாடி போன்ற பிரதிபலிப்பான் அதைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே, நன்கு திருத்திய விளக்கு தன் பாதையைக் காட்டுவதோடு, பிறர் பார்வையையும் காக்கிறது. இக்கைவினையின் மேன்மை அந்த அக்கறையில்தான் இருக்கிறது.